கரியின் கணக்கெழுதியவர்

விஞ்ஞானங் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரையும் படம் ஒன்றுண்டு. ஒரு பக்கத்தில் மரம், மறு பக்கத்தில் மாடு, மேலே வானம், கீழே மண். இவற்றுக்கிடையே வளைந்து வளைந்து செல்லும் அம்புக்குறிகள். காபன் வட்டம் என்று அதற்குப் பெயரிட்டு, மாணவர் பார்த்தெழுதி முடித்ததும் அழித்துவிடுவோம். நானும் முப்பது ஆண்டுகள் அவ்வாறே வரைந்தேன், அவ்வாறே அழித்தேன்.

ஓராண்டு அப்பாடத்தின்போது மாணவன் ஒருவன் எழுந்து ஒரு சந்தேகங் கேட்டான். அவனுடைய தாயார் நாள்தோறும் அடுப்பில் ஒரு கட்டு விறகு எரிப்பார். மறுநாட் காலையில் அள்ளி எறிவது ஒரு சிரட்டைச் சாம்பல் மாத்திரமே. அப்படியானால் விறகின் மிகுதி எங்கே போயிற்று என்பது அவன் வினா. புகையாய்ப் போயிற்று என்றேன். புகை எங்கே போயிற்று என்றான். படத்தைக் காட்டி, காற்றிற் கலந்து மீண்டும் இலைக்குட் புகுகிறது என்றேன். கண்ணுக்குத் தெரியாத இவ்வழியை முதலிற் கண்டவர் யார் என்று அடுத்துக் கேட்டான். ஒருவர் அல்லர், பலர். ஆயினும் இலவோசியர் என்னும் பிரெஞ்சுக்காரரே அவர்களுள் தலையானவர். அவரை அவருடைய நாட்டவரே சிரச்சேதஞ் செய்தனர் என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. ஏன் கொன்றார்கள் என்று அவன் கேட்டபோது மணி அடித்தது. மணி அடித்தமை எனக்கு உதவியாயிற்று. ஏனெனில் அவ்வினாவுக்குத் தக்க விடை அன்று என்னிடம் இருக்கவில்லை.

பின்னர் அவருடைய சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஓருண்மை எனக்குப் புலனாயிற்று. இலவோசியர் தம் வாழ்நாள் முழுவதும் கணக்கெழுதியவர். பகற்பொழுதில் அரசின் வரிக்கணக்கு. காலையும் மாலையும் இயற்கையின் கணக்கு. ஒரு கணக்கு அவருக்கு அழியாப் புகழைத் தந்தது. மற்றது அவர் உயிரைக் கொண்டது. இரண்டையும் எழுதியது ஒரே கைதான். அம்மாணவனுக்கு அன்று நான் சொல்லத் தவறிய விடையே இக்கட்டுரை.

இளமையும் இரு தொழிலும்

அந்துவான் இலவோசியர் 1743ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 26ஆம் நாள் பாரிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், செல்வத்துக்குக் குறைவில்லாத குடும்பம். ஐந்து வயதிலே தாயை இழந்த பிள்ளையைத் தாயின் சகோதரியார் திருமணமுஞ் செய்யாது வளர்த்தெடுத்தார். மசரீன் கல்லூரியிற் கல்வி பயின்ற இலவோசியர், தந்தை வழிநின்று சட்டமும் கற்று, 1764இல் அத்தொழிலுக்குரிய தகைமையைப் பெற்றார். ஆயினும் அவர் உள்ளம் நீதிமன்றத்தை நாடவில்லை. கல்லையும் மண்ணையும் நீரையும் காற்றையுமே நாடியது. இருபத்தைந்து வயது நிரம்புமுன்னரே, 1768இல், பிரான்சின் விஞ்ஞானக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

அதே 1768ஆம் ஆண்டில் அவர் இன்னொரு காரியமுஞ் செய்தார். அக்காலத்திற் பிரெஞ்சு அரசு உப்பு, புகையிலை முதலியவற்றின் மீதான வரிகளையும் பாரிஸ் நகருள் வரும் பண்டங்களின் தீர்வையையும் தானே அறவிடுவதில்லை. செல்வர் சிலர் கூடிய குத்தகைச் சங்கம் ஒன்று அரசுக்கு ஒரு தொகையை முன்னரே கட்டிவிட்டுக் குடிகளிடம் வரியைத் தண்டிக்கொள்ளும். தண்டியதில் மிஞ்சுவது குத்தகைக்காரரின் இலாபம். அச்சங்கத்தில் இலவோசியர் ஒரு பங்கு வாங்கினார். தம் ஆராய்ச்சிக்கு வேண்டிய பெருஞ்செலவுக்கு அவ்வருமானம் உதவுமென எண்ணினார். அவ்வாறே உதவவுஞ் செய்தது. ஆனால் உப்புவரியால் நைந்த ஏழை மக்கள் அச்சங்கத்தாரை எவ்வளவு வெறுத்தனர் என்பதை அவர் அளந்து பார்த்தாரில்லை. எல்லாவற்றையும் அளந்தவர் அளக்கத் தவறியது இதனைத்தான்.

1771இல் தம்மோடு அச்சங்கத்திற் பங்காளராயிருந்த போல்ஸ் என்பவரின் மகள் மரீ ஆன் என்னும் பெண்ணை மணந்தார். மணமகளுக்கு அப்போது வயது பதினான்குகூட நிரம்பவில்லை. அப்பெண் கணவரின் பணியைத் தம் பணியாகவே கொண்டார். ஆங்கிலம் பயின்று அம்மொழியிலிருந்த இரசாயன நூல்களைக் கணவருக்காக மொழிபெயர்த்தார். சித்திரம் பயின்று அவருடைய கருவிகளின் படங்களை வரைந்தார். பரிசோதனைகளின்போது அருகிருந்து குறிப்பெழுதினார். இலவோசியரின் புகழில் அவ்வம்மையாரின் பங்கு சிறிதன்று.

1775இல் அரசின் வெடிமருந்துப் பணியை மேற்பார்வை செய்யும் பொறுப்பு இலவோசியரிடம் வந்தது. அதனோடு ஆயுதசாலையில் வீடும் ஆய்வுகூடமுங் கிடைத்தன. காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையும், இரவு ஏழு மணி முதல் பத்து மணி வரையும் ஆராய்ச்சி; இடைப்பொழுதில் அலுவலகக் கடமை; வாரத்தில் ஒருநாள் முழுவதும் ஆய்வுகூடத்தில். இதுவே அவருடைய நியமம்.

மரத்தின் உடல் எங்கிருந்து வருகிறது?

அந்நாளில் அறிஞரிடையே ஒரு பழைய பரிசோதனை பேசப்பட்டு வந்தது. வான் ஹெல்மொன்ற் என்பவர் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னர் 200 இறாத்தல் உலர்மண்ணை ஒரு சாடியில் இட்டு, 5 இறாத்தல் நிறையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, நீர் மாத்திரம் ஊற்றி ஐந்தாண்டுகள் வளர்த்தார். முடிவில் மரத்தின் நிறை ஏறத்தாழ 169 இறாத்தல். மண்ணிற் குறைந்ததோ இரண்டு அவுன்ஸ் வரை மாத்திரமே. ஆகவே மரமும் பட்டையும் வேரும் நீரினாலேயே ஆயின என அவர் முடிவு செய்தார். நீர் மண்ணாக மாறும் என்ற பழைய கொள்கைக்கு இது பெருஞ்சான்றாக விளங்கிற்று.

இலவோசியர் அக்கொள்கையைத் தராசில் இட்டுப் பார்க்கத் துணிந்தார். ஆவியான நீர் வெளியேறாது மீண்டும் உள்ளேயே வடியும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் தூய நீரை இட்டு மூடி, 1768ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடங்கி 101 நாட்கள் இடைவிடாது சூடாக்கினார். நீரில் மண்போன்ற துகள்கள் தோன்றின. பிறர் இதனைக் கண்டு நீர் மண்ணாயிற்று என்றிருப்பர். அவரோ பாத்திரத்தைத் தனியே நிறுத்தார். நீரைத் தனியே நிறுத்தார். துகளையுந் தனியே நிறுத்தார். நீர் குறையவில்லை, பாத்திரமே குறைந்திருந்தது. துகள், சூட்டினாற் கரைந்த கண்ணாடியன்றி வேறில்லை.

இப்பரிசோதனையின் பயன் பெரிது. நீர் மண்ணாகாதெனின், வில்லோ மரத்தின் நூற்றறுபது இறாத்தலும் நீரொன்றிலிருந்தே வந்திருத்தல் இயலாது. மண்ணும் குறையவில்லை. மிஞ்சி நிற்பது காற்று ஒன்றே. ஆனால் கைக்குப் பிடிபடாத காற்று எவ்வாறு கடினமான மரமாகும்? இவ்வினாவுக்கு விடை காணுமுன் காற்று யாது என்பதை அறிதல் வேண்டும்; கரி யாது என்பதையும் அறிதல் வேண்டும்.

வைரம் எரிந்த கதை

1772ஆம் ஆண்டில் பாரிசின் இரசாயனிகள் விலையுயர்ந்த விளையாட்டொன்றில் ஈடுபட்டிருந்தனர். வைரத்தை மிகுந்த சூட்டில் இட்டால் அது மறைந்துவிடுகிறது. அது ஆவியாகின்றதா, வெடித்துத் தூளாகின்றதா, எரிகின்றதா என்பது வழக்கு. மய்யார் என்ற மணிவணிகர் தம் தொழிலனுபவத்தை நம்பி, சொந்த வைரங்கள் மூன்றைக் கரித்தூளினுட் பொதிந்து, காற்றுப் புகாது மூடி, கடுஞ்சூளையில் வைக்கக் கொடுத்தார். வெளியே எடுத்தபோது அவை பழுதின்றி இருந்தன. காற்றில்லாவிடத்து வைரம் அழிவதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

இலவோசியர் மேலுஞ் சென்றார். அடைத்த கண்ணாடிக் கலத்தினுள் வைரத்தை வைத்து, பெரிய குவிவுவில்லையால் ஞாயிற்றின் ஒளியை அதன்மேற் குவித்தார். வைரம் தேய்ந்தது. கலத்தினுள் மிஞ்சிய காற்று, தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் வெளுக்கச் செய்தது. அடுப்புக்கரியை அவ்வாறு எரித்தாலும் இதே வாயுவே வரும்; இதே வெண்மையே தோன்றும். அவ்வாயுவை 1750களிலேயே யோசேப்பு பிளாக் என்னும் ஸ்கொத்துலாந்து அறிஞர் சுண்ணக்கல்லிலிருந்து பிரித்தெடுத்து, நிலைத்த காற்று எனப் பெயரிட்டிருந்தார். இன்று நாம் காபனீரொட்சைட்டு என்கிறோம்.

அரசியின் மகுடத்து வைரமும் அடுப்பங்கரைக் கரியும் எரிந்தால் ஒன்றே என்று உடனே முழங்க இலவோசியர் விரும்பவில்லை. ஒற்றுமையை மாத்திரம் பதிவுசெய்து நிறுத்திக்கொண்டார். ஒரே நிறையான வைரமும் கரியும் ஒரே அளவு வாயுவைத் தருமென 1797இல் ஆங்கிலேயரான ஸ்மித்சன் தெனன்ற் காட்டியபோதுதான் ஐயம் அகன்றது. நம் நாட்டிற் போகலவிலும் ககட்டகாவிலும் சுரங்கமிட்டு எடுக்கும் காரீயமும், எழுதுகோலின் கருமையும், வைரமும் காபன் என்னும் ஒரே மூலகத்தின் வேறு வேறு கோலங்களே.

காபன் என்னும் பெயரும் இலவோசியரும் நண்பர் மூவரும் 1787இல் வெளியிட்ட பெயரீட்டு நூலிலேதான் பிறந்தது. அதற்கு முன்னரே நிலைத்த காற்றை ஆராய்ந்து, அதன் 100 பங்கில் 28 பங்கு கரியும் 72 பங்கு ஒட்சிசனும் உள எனக் கணித்திருந்தார். இன்றைய கணிப்பு 27.3, 72.7. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அத்தராசின் நேர்மையை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

மூச்சும் நெருப்பும்

ஒட்சிசன் என்றேன். அதன் வரலாற்றில் இலவோசியர்மேல் ஒரு குறையுண்டு. அதனை மறைத்தல் ஆகாது. 1774ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஆங்கில அறிஞர் யோசேப்பு பிரீஸ்ட்லி பாரிசுக்கு வந்து, இலவோசியரின் வீட்டு விருந்தில், தாம் செந்நிற இரசநீற்றைச் சூடாக்கிப் பெற்ற புதிய வாயுவைப் பற்றிச் சொன்னார். அதில் மெழுகுதிரி மிகுந்த ஒளியோடு எரிந்தது. சுவீடனில் ஷீலே என்பவரும் அதனைத் தனியே கண்டறிந்திருந்தார். இலவோசியர் அப்பரிசோதனையைத் திரும்பச் செய்து எழுதியபோது, பிரீஸ்ட்லிக்கு உரிய நன்றியை உரிய இடத்திற் கூறினாரில்லை. வாயுவைக் கண்டவர் பிறர். அதன் பொருளைக் கண்டவர் இவர். எரிதல் என்பது பொருளிலிருந்து ஏதோ ஒன்று நீங்குவதன்று, ஒட்சிசன் வந்து சேர்வதே என்று நிறுவியமை அவருடைய அருஞ்செயல். ஆயினும் பிறருடைய பங்கை மறைத்தல் கணக்கெழுதுவோர்க்கு அழகன்று.

அடுத்து அவர் எடுத்த வினா இன்னும் ஆழமானது. கரி எரிந்தால் ஒட்சிசன் குறைந்து நிலைத்த காற்று கூடுகிறது; சூடும் பிறக்கிறது. உயிர் மூச்சுவிட்டாலும் ஒட்சிசன் குறைந்து நிலைத்த காற்று கூடுகிறது. உடலும் சூடாகவே உள்ளது. இரண்டும் ஒன்றுதானோ? இதனை அறிய 1782–83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இலாப்பிளாஸ் என்னும் கணிதப் பேரறிஞரோடு கூடி ஒரு கருவி அமைத்தார். நடுவே ஓர் அறை, சுற்றிலும் பனிக்கட்டி. உள்ளே வைத்த பொருள் விடும் சூட்டினாற் பனிக்கட்டி உருகும். உருகி வடிந்த நீரை நிறுத்தாற் சூட்டின் அளவு தெரியும். அவ்வறையில் ஒரு கினிப்பன்றியை வைத்து உருகிய பனிக்கட்டியை அளந்தார்கள். அப்பிராணி வெளிவிட்ட நிலைத்த காற்றையும் தனியே அளந்தார்கள். அவ்வளவு காற்றைத் தரக்கூடிய கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகும் எனவும் பார்த்தார்கள். இரு தொகையும் முற்றும் ஒத்துவரவில்லை. ஆயினும் மிக அண்மித்தன. மூச்சுவிடுதல் மெதுவான ஓர் எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள். நெருப்பு நுரையீரலில் எரிவதாக அவர்கள் எண்ணியது பிழை. உடலின் ஒவ்வொரு கலத்திலும் அது நிகழ்கிறது என்பதைப் பின்வந்தோர் கண்டனர். ஆயினும் அடிப்படை உண்மை நிலைத்துவிட்டது.

இதன் பொருளை மாணவர்கள் சிந்தித்தல் வேண்டும். நாம் உண்ணும் சோற்றிலுள்ள காபன் நம் உடலில் எரிந்து மூச்சாக வெளியேறுகிறது. வளர்ந்த மனிதர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார். அடுப்பில் எரியும் விறகுக்கும் உடலில் எரியும் உணவுக்கும் காபனைப் பொறுத்தமட்டிற் பேதமில்லை.

1790ஆம் ஆண்டளவில் செகென் என்னும் இளைஞர், முகமூடியொன்றை அணிந்து தம் மூச்சையே ஆராய்ச்சிக்கு ஒப்படைத்தார். ஓய்ந்திருக்கும்போதும், உண்டபின்னும், பாரந் தூக்கும்போதும் அவர் செலவிடும் ஒட்சிசன் அளக்கப்பட்டது. உழைக்கும்போது செலவு பலமடங்காயிற்று. இக்கணக்கைக் கண்ட இலவோசியரின் உள்ளத்தில் வேறொரு கணக்கு எழுந்தது. உழைக்கும் ஏழை தன் உடலை மிகுதியாக எரிக்கிறான். ஆதலின் அவனுக்கே உணவு மிகுதியாக வேண்டும். ஆனால் உழையாத செல்வனுக்கே உணவு மிகுதியாகக் கிடைக்கிறது. இந்த அநீதியை விஞ்ஞானக் கட்டுரையொன்றினுள்ளேயே அவர் எடுத்தெழுதி, புதிய சமுதாய அமைப்பு இதனைத் திருத்துமென நம்பிக்கையுந் தெரிவித்தார். உப்புவரிப் பணத்தில் வாங்கிய கருவியைக்கொண்டு ஏழையின் பசியை அளந்தவர் அவர். இம்முரண்பாட்டை அவர் உணர்ந்தாரோ இல்லையோ, நாம் உணராதிருத்தல் இயலாது.

நொதிக்கும் சாறு

1789இல் அவர் எழுதிய இரசாயன முதனூல் வெளிவந்தது. மூலகங்களென அவர் கொண்ட 33 பொருட்களின் அட்டவணை அந்நூலில் இடம்பெற்றது. அவற்றுள் ஒளியையும் வெப்பத்தையும் சேர்த்தது பிழையாயினும், அக்காலத்துக்கு அது புதிய ஒழுங்கு. சடப்பொருள் எம்மாற்றத்திலும் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை என்ற விதியை அவர் கூறியதும் அந்நூலிலேயே. எந்த இடத்திற் கூறினார் என்பது பலருக்குத் தெரியாது. பழச்சாறு நொதித்து மதுவாகும் பகுதியிலேதான் கூறினார்.

பனையிலிருந்து இறக்கிய பதநீர் சிறிது நேரத்தில் நுரைத்துப் பொங்குவதை நம் ஊரிற் காணாதார் இல்லை. முட்டியினுட் சுண்ணாம்பு தடவினால் இனிமை கெடாது, தடவாவிட்டாற் கள்ளாகிவிடும். அந்நுரையாய் வெளியேறுவது காபனீரொட்சைட்டு. இலவோசியர் நொதிக்குமுன் இருந்த வெல்லம், நீர் முதலியவற்றை நிறுத்து வரவுப் பக்கத்தில் எழுதினார்; நொதித்தபின் கிடைத்த மதுசாரம், வாயு, எச்சம் ஆகியவற்றை நிறுத்துச் செலவுப் பக்கத்தில் எழுதினார். இரு பக்கமும் சமமாதல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. அவர் தந்த எண்கள் சில பிற்காலத்திற் திருத்தப்பட்டன, முறை திருத்தப்படவில்லை. வரிச்சங்கத்தின் பேரேட்டிற் பழகிய கண்ணே இயற்கையின் பேரேட்டையும் படிக்கக் கற்றது என்று நான் கருதுகிறேன்.

வட்டம் முழுமை பெற்றது

இனி, மரத்தின் உடல் எங்கிருந்து வந்தது என்ற பழைய வினாவுக்குத் திரும்புவோம். 1771இல் பிரீஸ்ட்லி, மெழுகுதிரி எரிந்து கெட்டுப்போன காற்றினுள் ஒரு புதினாக் கொடியை வைத்து வளர்த்தார். சில நாட்களின் பின் அக்காற்றில் மெழுகுதிரி மீண்டும் எரிந்தது. 1779இல் இங்கன்ஹௌஸ் என்னும் மருத்துவர், ஞாயிற்றின் ஒளியில் தாவரத்தின் பச்சைப் பாகங்களே இவ்வேலையைச் செய்கின்றன எனக் கண்டார். 1782இல் ஜெனீவாவில் செனெபியே என்பவர், அதற்கு நிலைத்த காற்று வேண்டும் எனக் காட்டினார். இவை துண்டு துண்டாய்க் கிடந்த கணக்குகள்.

அவற்றை ஒரு பேரேட்டிற் சேர்த்தவர் இலவோசியர். 1792இல் விஞ்ஞானக் கழகத்தின் பரிசுப் போட்டி ஒன்றுக்காக அவர் ஒரு முகவுரை வரைந்தார். தாவரங்கள் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கனிப்பொருட்களிலிருந்தும் தமக்கு வேண்டியவற்றை எடுக்கின்றன. பிராணிகள் தாவரங்களை உண்கின்றன, அல்லது தாவரமுண்ட பிற பிராணிகளை உண்கின்றன. பின்னர் நொதித்தலும் அழுகலும் எரிதலும் அவையெடுத்த யாவற்றையும் காற்றுக்கும் மண்ணுக்கும் திருப்பிக் கொடுக்கின்றன என்பது அம்முகவுரையின் சாரம். இம்மாற்றங்களை இயற்கை எவ்வழியால் நிகழ்த்துகிறது என்பதை ஆராயுமாறு அறிஞரை அழைத்தார்.

நாம் கரும்பலகையில் வரையும் அம்புக்குறிகள் அனைத்தும் அவ்வொரு பக்கத்தில் உள்ளன. ஆனால் அப்பரிசை எவரும் பெறவில்லை. 1793ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் புரட்சி அரசு விஞ்ஞானக் கழகத்தையே கலைத்துவிட்டது. அம்முகவுரையை நெடுங்காலத்தின் பின், பத்தொன்பதாம் நூற்றாண்டில், அவருடைய எழுத்துகளைத் தொகுத்த டூமா என்னும் இரசாயனியே உலகறியச் செய்தார்.

மற்றைக் கணக்கு

1780களில், வரி கட்டாது பண்டங்கள் பாரிசினுட் புகுவதைத் தடுப்பதற்காக நகரைச் சுற்றி ஒரு மதில் எழுப்பப்பட்டது. அந்த யோசனையைச் சொன்னவர் இலவோசியர். கணக்கின்படி அது சரியான யோசனை. அரசுக்கு வந்துகொண்டிருந்த நட்டத்தை அது தடுத்தது. ஆனால் மக்கள் அதனைத் தம்மை அடைத்த சிறைச்சுவராகவே கண்டனர். முன்னர் நெருப்பைப் பற்றி எழுதிய நூலொன்றுக்கு விஞ்ஞானக் கழகத்தின் மதிப்பைப் பெறாத மரா என்பவர், புரட்சிக் காலத்திற் பத்திரிகை நடத்தி, 1791இல் இலவோசியரைக் கடுமையாகத் தாக்கினார். மதிலும் வரியும் அத்தாக்குதலுக்கு ஆயுதங்களாயின.

வரிச்சங்கம் 1791இல் ஒழிக்கப்பட்டது. இலவோசியர் புரட்சியைப் பகைத்தவரல்லர். புதிய நிறுவை அளவை முறையை அமைக்கும் குழுவில் உழைத்தார். நாட்டின் நிதிநிலையை ஆராய்ந்தெழுதினார். கழகத்தின் பொருளாளராய் இருந்து, சம்பளம் நின்றுபோன விஞ்ஞானிகளுக்காக வாதாடினார். எனினும் 1793 நவம்பர் 24ஆம் நாள் வரிச்சங்கத்தார் அனைவரையும் கைதுசெய்யும் ஆணை பிறந்தது. நான்கு நாட்களின் பின் அவர் தாமாகவே சென்று சரணடைந்தார். சிறையில் இருந்தபோதும் தம் கட்டுரைகளின் அச்சுப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

1794ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் வழக்கும் தண்டனையும் ஒரே நாளில் முடிந்தன. குடிகளின் பணத்தைக் கவர்ந்தனர், புகையிலையில் அளவுக்கு மிஞ்சி நீர் கலந்தனர், நாட்டின் பகைவரோடு சதிசெய்தனர் என்பன குற்றச்சாட்டுகள். அன்று மாலை 28 பேர் புரட்சிச் சதுக்கத்திற் கொல்லப்பட்டனர். மாமனார் போல்ஸ் மூன்றாமவர், இலவோசியர் நான்காமவர். அவருக்கு வயது ஐம்பது. அவ்வழக்கில் நீதிபதி கூறியதாக ஒரு வாசகத்தைப் பலர் எடுத்தாள்வர். அதற்குத் தக்க ஆதாரமில்லை. ஆதலின் அதனை இங்கு எழுதவில்லை.

ஏன் கொன்றார்கள் என்ற வினாவுக்கு என் விடை இதுவே: விஞ்ஞானி என்பதற்காக அவரைக் கொல்லவில்லை, விஞ்ஞானி என்பதற்காகக் காப்பாற்றவுமில்லை. வரிமுறை கொடியது, அதில் அவர் இலாபம் அடைந்தார், மக்களின் சினத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் நீதிமன்றம் ஒருவருடைய கணக்கைத் தனியே எடுத்துப் பார்க்கவில்லை. இருபத்தெட்டுப் பேரையும் ஒரே வரியில் எழுதிக் கூட்டிவிட்டது. ஒவ்வொன்றையும் தனியே நிறுத்துப் பாராத கணக்கு பிழைக்கும் என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் கற்பித்த பாடம்.

1795இல் அவருடைய உடைமைகள் மனைவியாரிடம் மீள ஒப்படைக்கப்பட்டன. தந்தையையும் கணவரையும் ஒரே நாளில் இழந்து, தாமும் சிலகாலம் சிறையிருந்த அவ்வம்மையார், கணவரின் முற்றுப்பெறாத கட்டுரைத் தொகுதியை அச்சிட்டு அறிஞர்க்கு வழங்கினார். 1836இல் அவர் மறைந்தார்.

இன்றைய பேரேடு

இலவோசியர் விட்ட இடத்திலிருந்து கணக்கு தொடர்ந்தது. 1804இல் தியோடோர் சொசூர் தாவரங்களை நிறுத்துப் பார்த்து, அவற்றின் காபன் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து வருகிறது என்றும், நீரும் அவற்றின் உடலிற் சேர்கிறது என்றும் நிறுவினார். வான் ஹெல்மொன்றின் வில்லோ மரத்துக்கு அன்றுதான் முழு விடை கிடைத்தது. காபன் இலையினுள் எவ்வெப்படிகளைக் கடந்து வெல்லமாகிறது என்பதைக் கதிர்வீசுங் காபனைக்கொண்டு கண்டறிந்த மெல்வின் கல்வின் 1961இல் நோபெல் பரிசு பெற்றார்.

இலவோசியர் அறியாத வேறொரு வழியும் உண்டு. மேற்கூறிய வட்டம் விரைவானது. சில நாட்களிலோ சில ஆண்டுகளிலோ முடிந்துவிடும். மற்றது மிக மெதுவானது. கடல்வாழ் உயிர்கள் நீரிற் கரைந்த காபனைக்கொண்டு ஓடு செய்கின்றன. அவை இறந்தபின் ஓடுகள் படிந்து சுண்ணக்கல்லாகின்றன. யாழ்ப்பாணத்திற் கிணறு வெட்டுவோர் உடைக்கும் கல் இத்தகையதே. 100 கிலோகிராம் தூய சுண்ணக்கல்லில் 12 கிலோகிராம் காபன். புதையுண்ட தாவரங்கள் நிலக்கரியாகின்றன. நுண்ணிய கடலுயிர்கள் பெற்றோலியமாகின்றன. இவை காற்றுக்குத் திரும்ப இலட்சக்கணக்கான, கோடிக்கணக்கான ஆண்டுகள் செல்லும்.

தாவரங்கள் தரையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12,000 கோடி தொன் காபனைக் காற்றிலிருந்து எடுக்கின்றன. மூச்சும் அழுகலும் நெருப்பும் ஏறக்குறைய அவ்வளவையும் திருப்பிக் கொடுக்கின்றன. கடலில் சுமார் 38 இலட்சம் கோடி தொன் காபன் கரைந்துள்ளது. இப்பெருங் கணக்கில் மனிதர் நிலக்கரியும் எண்ணெயும் வாயுவும் எரித்து ஆண்டுதோறும் சேர்ப்பது ஏறத்தாழ 1000 கோடி தொன். சிறிய தொகையாகத் தோன்றும். ஆனால் இது வரவுப் பக்கத்தில் மாத்திரம் எழுதப்படுவது. இதிற் பாதியளவைக் கடலும் காடும் ஏற்றுக்கொள்கின்றன. எஞ்சியது காற்றில் நிற்கிறது. இயந்திரத் தொழில் பெருகுமுன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் சுமார் 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு, ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315 பங்காயிருந்தது. 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. அவ்வாயு பூமியின் சூட்டை வெளியேறவிடாது தடுப்பதால் உலகம் வெப்பமடைகிறது. எதுவும் அழிவதில்லை என்ற விதி ஆறுதலாகவும் இருக்கும், எச்சரிக்கையாகவும் இருக்கும். நாம் எரிப்பது எங்கோ போய்விடுவதில்லை. சிரட்டைச் சாம்பலைக் கண்டு மிகுதி எங்கே என்று கேட்ட சிறுவனின் வினாவை இன்று உலகமே கேட்கவேண்டியிருக்கிறது.

காபனின் பேரேட்டில் இழப்பு என்பது இல்லை. ஓரிடத்திற் குறைந்தது வேறோரிடத்திற் கூடியே இருக்கும். மனிதரின் பேரேடு அத்தகையதன்று. 1794 மே மாதத்தில் இழந்ததை எந்த அம்புக்குறியும் திருப்பிக் கொண்டுவரவில்லை. இன்னும் பத்தாண்டுகள் வாழ்ந்திருந்தால் சொசூரின் முடிவை அவரே கண்டிருத்தலுங் கூடும்.

இப்போது காபன் வட்டங் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. படத்தை வரைந்து முடித்ததும் அதன் ஓரத்தில் அவர் பெயரையும் எழுதுங்கள். மாணவர் எவரேனும் அவரை ஏன் கொன்றார்கள் எனக் கேட்டால், மணி அடிக்குமுன் விடை சொல்லிவிடுங்கள்.